உயிரியல் தேர்வும் நம் பிள்ளைகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் கொண்டாடும் இந்த நன்னாளில், மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கப் பெரியோர்கள் என்னைப் பணித்தார்கள். நான் வரலாறு படித்தவன். அரசுப் பள்ளியில் ஆசிரியனாகப் புகுந்து இன்று தலைமையாசிரியனாக இருப்பவன். ஆகவே வரலாற்றைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் மன்னர்களின் வரலாற்றை அல்ல. ஒரு தேர்வின் வரலாற்றை. கல்லூரிக் கல்வியின் முதற்படியில் வைக்கப்படும் உயிரியல் தேர்வு, நம் மக்களுக்கு எவ்வாறு திறந்தது, எவ்வாறு அடைத்தது, அது உண்மையில் எதனை அளந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வரலாற்று ஆசிரியனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

ஒரு வேப்பமரமும் ஒரு வினாவும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியை மகப்பேற்று விடுப்பில் சென்றிருந்தார். மேல்நிலை முதலாம் ஆண்டு அறிவியல் பிரிவு மாணவர்கள் வகுப்பில் வெறுமனே அமர்ந்திருப்பதைக் காணப் பொறாமல் நானே உள்ளே சென்றேன். பாடம் நடத்தும் தகுதி எனக்கு இல்லை; வினாக் கேட்கும் உரிமை உண்டல்லவா? ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொன்னது. பாடநூலில் உள்ள சொல் ஒன்றுகூடப் பிசகவில்லை. மகிழ்ந்தேன்.

பிறகு சன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைக் காட்டி, "இது விதையாக இருந்தபோது ஒரு விரல் நுனியில் அடங்கியது. இன்று இதை வெட்டினால் ஒரு லாரி கொள்ளாது. இந்த எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். நாற்பது பேரில் முப்பது பேருக்குமேல் "மண்ணிலிருந்து" என்றார்கள். சிலர் "தண்ணீரிலிருந்து" என்றார்கள். இரண்டு மணித்துளிகளுக்கு முன் ஒளிச்சேர்க்கையின் இலக்கணத்தை ஒப்பித்த அதே பிள்ளைகள்தாம்! கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் தயங்கித் தயங்கி எழுந்து, "சார், காத்துக்கு எடை இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் விடை கூறவில்லை, வினாதான் கேட்டாள். ஆனால் அந்த வகுப்பில் ஒளிச்சேர்க்கை என்ற பாடத்தின் உள்ளே நுழைந்தவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்குத் தெளிவாக விளங்கிற்று. காற்றில் உள்ள கரியமில வாயுவும் வேர் உறிஞ்சும் நீரும் கதிரவன் ஒளியால் சேர்ந்தே மரத்தின் உடலாகின்றன. மண் தருவது மிகச் சிறிய பங்கே. காற்றுக்கு எடை உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் இந்த உண்மை மனத்தில் இறங்கும். அவள் அந்தப் படியில் கால் வைத்துவிட்டாள்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையா?

இதைக் கேட்டு, அரசுப் பள்ளி மாணவர்கள் இவ்வளவுதான் என்று எவரேனும் நினைத்தால் அது பெரும் பிழை. 1990களில் அமெரிக்க நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்று அங்கியுடன் வெளிவந்த இளைஞர்களிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து இதே வினாவைக் கேட்டுப் படம் பிடித்தார்கள். அவர்களிலும் பலர் மண் என்றும் நீர் என்றும்தான் கூறினார்கள். காற்று என்று சொல்ல அவர்கள் மனம் துணியவில்லை.

அவ்வளவு ஏன், அறிவியல் உலகமே இந்த விடையை எளிதாகக் கண்டடையவில்லை. ஹெல்மாண்ட் என்னும் அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு கன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆயிற்று. மண்ணோ இரண்டு அவுன்சு அளவே குறைந்திருந்தது. எனவே மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்தபின் 1648-ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் இச்செய்தி உள்ளது. மண் அன்று என்று கண்ட அப்பேரறிஞர், காற்று என்பதைக் காணவில்லை. இங்கன்ஹவுசு 1779-லும், சோசூர் 1804-லும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின்னரே உண்மை நிலைபெற்றது.

ஆகவே, ஒரு பாடத்தின் சொற்களை அறிவது வேறு. அதன் அடிப்படைக் கருத்தை அறிவது வேறு. இவ்வேறுபாட்டை அளப்பதற்கென்றே அண்மைக் காலத்தில் மேலை நாட்டார் ஒருவகைத் தேர்வை உருவாக்கினர். முதன்முதலில் இயற்பியலில், விசை பற்றிய கருத்தறி தேர்வு ஒன்று 1992-இல் வெளியாயிற்று. உயிரியலில் இயற்கைத் தேர்வு பற்றிய இருபது வினாக்கள் கொண்ட கருத்தறி தேர்வு 2002-இல் வந்தது. இவற்றின் சிறப்பு என்னவென்றால், தவறான விடைகளாகக் கொடுக்கப்படுபவை ஆசிரியர் கற்பனை செய்தவை அல்ல. மாணவர்கள் மனத்தில் உண்மையாகவே வேரூன்றிக் கிடக்கும் தவறான எண்ணங்களைக் கேட்டறிந்து, அவற்றையே விடைகளாக வைக்கின்றனர். மாணவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதிலிருந்து அவன் எங்கே வழி தவறினான் என்பதை ஆசிரியர் அறிந்துகொள்ளலாம்.

2011-ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி உயிரியல் மாணவர் அறிய வேண்டிய அடிப்படைக் கருத்துக்களை ஐந்தாகத் தொகுத்தது. உயிர்களின் பரிணாமம், உறுப்பின் அமைப்புக்கும் அதன் பணிக்கும் உள்ள உறவு, மரபுச் செய்தி ஓரிடத்திலிருந்து ஓரிடம் செல்லும் முறை, பொருளும் ஆற்றலும் உருமாறும் வழிகள், உயிர்கள் ஒன்றோடொன்று பிணைந்த அமைப்புகளாக இயங்குதல் – ஆக ஐந்து. ஆயிரம் பக்கப் பாடநூலின் சாரம் இந்த ஐந்தே. இந்த ஐந்தையும் அளக்காத தேர்வு, உயிரியல் தேர்வு என்று பெயர் பெறினும் நினைவாற்றல் தேர்வே ஆகும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு வரலாற்றைப் பார்ப்போம்.

பள்ளி வாயிலே மூடியிருந்த காலம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் தேர்வுகள் ஆங்கிலத்தில் நடந்தன. தேர்வுக் கூடத்தில் எழுதுவோன் சாதி இன்னதென்று விடைத்தாள் கேட்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தக் கூடத்தை அடைவதற்கு ஏறவேண்டிய படிகளில் முதற்படியே நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலமின்மை, அடிமை வாழ்வு ஆகியவற்றை விரிவாக எழுதி 1891-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாகவே 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. செம்பரம்பாக்கம் ஏரி நீர் பாய்ந்த கழனிகளில் நாற்று நட்ட நம் பாட்டன் பாட்டிமார் அந்த அறிக்கை பேசிய மாவட்டத்து மக்களே என்பதை இளைய தலைமுறையினர் மறக்கலாகாது.

அக்காலத்திலேயே தேர்வு என்பதன் தன்மையை நம்மவர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இலண்டனில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசு இயக்கத்தார் கோரினர். கேட்பதற்கு நியாயமான கோரிக்கையே. ஆனால் செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த பெருந்தகை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1893-இல் 3,412 பேரின் கையொப்பம் பெற்று அதனை எதிர்த்து ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். படிப்பு ஒரு சில சாதியார் கையில் மட்டும் இருக்கும்போது, தேர்வை இங்கே கொண்டுவந்தால் ஆட்சி முழுவதும் அவர்கள் கைக்கே போகும்; எளியோர் நிலை மேலும் கெடும் என்பது அவரது வாதம். அவர் முடிவை இன்று ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் தேர்வு பொதுவாக இருப்பதனாலேயே நீதியாகிவிடாது. அதற்கு ஆயத்தம் செய்யும் வாய்ப்பும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற பேருண்மையை ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பே நம் முன்னோர் கண்டனர்.

மருத்துவ அறிவு நம்மவர்க்குப் புதிதென்று எண்ணுவதும் அறியாமையே. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவத்தில் தேர்ந்தவர். மூலிகையும் நாடியும் அறிந்த கைகள் நம்மிடம் இருந்தன. அந்த அறிவைச் சோதித்துச் சான்று வழங்கும் தேர்வுதான் நம் மொழியிலும் நம் எல்லையிலும் இல்லை. அவரும் அவரைச் சார்ந்தோரும் வேண்டியதற்கிணங்க, கர்னல் ஆல்காட் 1894 முதல் சென்னையில் பஞ்சமர் பள்ளிகளைத் தொடங்கினார்.

தமிழில் முடியாது என்றனர். முடியும் எனக் காட்டினார் ஒருவர்

இவ்விடத்தில் இலங்கைத் தமிழர் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை நினைவூட்டுதல் பொருந்தும். சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். 1860களில் பாடம் முழுவதையும் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல் முதலிய துறைகளில் தமிழ் நூல்களை வெளியிட்டார். அவரிடம் பயின்றோர் தமிழில் கற்று, தமிழில் சோதிக்கப்பெற்று, மருத்துவராகி மக்களுக்குப் பணி புரிந்தனர்.

அவர் நூல்களின் நடை இன்று நமக்குக் கடினமாக இருக்கலாம். ஆனால் உயிரியலின் அடிப்படைக் கருத்துக்களைத் தமிழில் கற்பிக்கவும் தேர்வு நடத்தவும் இயலும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அதற்குப்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் நம் கல்லூரிகள் அவ்வழியைத் தொடராமல் போனதற்குத் தமிழின் வறுமை காரணமன்று.

உதவித்தொகையும் இடஒதுக்கீடும்

1944-ஆம் ஆண்டு, வைசிராய் நிர்வாகக் குழுவில் டாக்டர் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில், பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்குத் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் தொடங்கிற்று. இம்மலரைப் படிக்கும் பலர் வீட்டில் ஒருவராவது அத்தொகையால் கல்லூரி கண்டிருப்பர்.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தில், மருத்துவக் கல்லூரி, பொறியியற் கல்லூரி இடங்களைப் பதினான்கு பங்காகப் பிரித்து, அதில் இரண்டு பங்கினை ஆதிதிராவிட மாணவர்க்கு வழங்கும் ஆணை நடைமுறையில் இருந்தது. மருத்துவக் கல்லூரி இடம் குறித்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில், இவ்வாணை செல்லாதென உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு சூன் திங்களில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15-ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு சேர்ந்தது. இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு வித்திட்டவற்றுள் ஒன்று, யார் உடற்கூறு படிப்பது என்ற வழக்கே என்பதை நினைத்துப் பாருங்கள்.

கல்லூரிப் பாடம் கிராமத்துக்கு வந்தது

இனி, நான் வரலாற்று மாணவன் என்ற முறையில் மிக முக்கியமென்று கருதும் ஆண்டுக்கு வருகிறேன். அது 1978.

அதற்கு முன் பள்ளி பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றின் முதற்பாடங்களைக் கற்க வேண்டுமாயின் கல்லூரிக்குத்தான் செல்ல வேண்டும். 1950களின் நடுப்பகுதி வரை இண்டர்மீடியட் என்ற ஈராண்டுப் படிப்பு. பின்னர் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டுப் படிப்பு. கல்லூரிகளோ நகரங்களில். தமிழில் கற்ற கிராமத்துப் பிள்ளை அந்த ஓராண்டில் ஆங்கிலத்தோடு மல்லாடி, தவளையையும் கரப்பானையும் முதன்முறையாக அறுத்துப் பார்த்து, ஆண்டிறுதியில் தோற்று ஊர் திரும்பிய கதைகளை என் ஆசிரியர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். 1960களில் கல்லூரிகளில் தமிழ் பயிற்றுமொழி புகுத்தப்பட்டு, தமிழ்ப் பாடநூல்கள் அச்சிடப்பட்ட பின்னரும் நகரத்துக்குச் செல்லும் செலவு குறையவில்லை.

1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது, இந்தக் கல்லூரிப் பாடம் பள்ளிக்கு இறங்கி வந்தது. முதல் மேல்நிலைப் பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. நுண்ணோக்கியும் சோதனைக் குழாயும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு வந்தன. வயல் வேலை முடித்து வந்த தாய், தன் மகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதயத்தின் படம் வரைவதைக் காணும் நிலை பிறந்தது. எந்தச் சட்டத்தையும்விட இம்மாற்றம் நம் பிள்ளைகளை உயிரியலுக்கு அருகில் கொண்டுவந்தது என்பது என் துணிபு.

ஆனால் பாடம் வந்த வேகத்தில் கற்பிக்கும் முறை வரவில்லை. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வினா வரும் என்ற கணக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பாட இறுதியில் அச்சிட்ட வினாக்களே தேர்வில் வரும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. முதலாம் ஆண்டுப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டாம் ஆண்டுப் பாடத்தையே ஈராண்டும் மனனம் செய்விக்கும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் வேரூன்றிற்று.

அந்த முறையில் விளைந்தவன்தான் நானும். 1980களின் பிற்பகுதியில் மேல்நிலையில் அறிவியல் பிரிவு படித்தேன். உயிரியலில் நல்ல மதிப்பெண் பெற்றேன். தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு என ஒன்று 1984 முதல் நடைபெற்று வருவதையும், அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் எனக்குச் சொல்வார் இல்லை. அறிந்தபோது நாள் கடந்துவிட்டது. பிறகு ஒரு நண்பர் அவ்வினாத்தாளைக் காட்டினார். வரிக்கு வரி மனப்பாடமாக இருந்த பாடத்திலிருந்து, வரிகளுக்கு இடையே இருந்து கேட்கப்பட்ட வினாக்கள்! பாதிக்குமேல் எனக்குப் புரியவில்லை. விண்ணப்பித்திருந்தாலும் தேறியிருக்க மாட்டேன் என்று அன்றிரவு உணர்ந்தேன். வரலாறு படிக்கச் சென்றேன். அதற்காக வருந்தவில்லை. ஆனால் என்னை ஏமாற்றியது அந்த நுழைவுத் தேர்வு மட்டுமன்று, எனக்கு நல்ல மதிப்பெண் வழங்கிய அந்தப் பொதுத்தேர்வும்தான் என்பதை மறக்க இயலவில்லை.

நுழைவுத் தேர்வு: போனதும் வந்ததும்

நுழைவுத் தேர்வு பயிற்சி நிலையங்களை வளர்த்தது. நகரத்தார்க்கும் பொருளுடையார்க்கும் துணையாயிற்று. பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின், 2006-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டத்தால் அது நீங்கிற்று. 2007 முதல் மேல்நிலை மதிப்பெண் அடிப்படையிலேயே மருத்துவ இடங்கள் நிரப்பப்பட்டன.

2017-இல் அகில இந்திய நுழைவுத் தேர்வாகிய நீட் தமிழகத்துக்குள் நுழைந்தது. 720 மதிப்பெண்ணில் சரிபாதி, அதாவது 360, உயிரியலுக்கு உரியது. அந்த ஆண்டு அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, மேல்நிலைத் தேர்வில் 1,200-க்கு 1,176 பெற்றும், புதிய தேர்வில் 86 மட்டுமே பெற்றார். உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனின்றி, செப்டம்பர் முதல் நாள் உயிர் துறந்தார். ஒரே பெண்ணை ஒரு தேர்வு உச்சியில் வைத்தது. மற்றொரு தேர்வு வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. அனிதாவின் அறிவு சில வாரங்களில் மாறிவிடவில்லை. மாறியது அளவுகோல்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 2018-ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. ஒரு வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை முதலில் நிறுத்திவைத்து, அவ்வாண்டு நவம்பரில் நீக்கிவிட்டது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்பது அத்தேர்வின் விதி. தமிழில் மட்டும் படித்த பிள்ளை, பிழையான தமிழ் வினாவைச் சரிபார்க்க ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டுமாம்! இது உயிரியலைச் சோதிப்பதா, வேறொன்றைச் சோதிப்பதா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

2021-இல் நீதிபதி ஏ.கே.ராசன் தலைமையிலான குழு இத்தேர்வின் விளைவுகளை ஆராய்ந்தது. மருத்துவ இடம் பெற்றவருள் தமிழ்வழியில் படித்தோர், முன்னர் நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருந்தவர், நீட் வந்தபின் இரண்டு மூன்று அளவுக்குக் குறைந்தனர் என்பதை அக்குழுவின் புள்ளிகள் காட்டின. விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2021-லும், ஆளுநர் திருப்பியனுப்பியபின் 2022-லும் மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே 2020-இல் கொணர்ந்த சட்டம், அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்க நிலையில் இருந்த அரசுப் பள்ளி மாணவர் தொகை, ஆண்டுக்குச் சில நூறாக உயர்ந்தது. மூடிய கதவில் ஒரு சன்னல் திறந்தது என்று கொள்ளலாம்.

வாயிற்காவலும் வழிகாட்டியும்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது?

மனனத் தேர்வு நமக்கு மதிப்பெண் தந்தது, அறிவு தரவில்லை. நுழைவுத் தேர்வு அறிவைக் கேட்பதாகக் கூறிற்று; ஆனால் பொருளையும் பயிற்சியையும் மொழியையும் சேர்த்தே கேட்டது. இரண்டும் வாயிற்காவலர்களே. ஒன்று நம்மை உள்ளே விட்டுவிட்டு உள்ளே தடுமாற வைத்தது. மற்றொன்று வெளியிலேயே நிறுத்தியது. நம் போராட்டம் அநீதியான தேர்வை எதிர்ப்பதோடு நின்றுவிட்டால் பாதி வேலையே முடியும். கருத்தறிவை நம் பிள்ளைகளுக்குச் சேர்ப்பது மறுபாதி. முதற்பாதியை அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டும். மறுபாதியைச் செய்ய யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.

மேலே கூறிய கருத்தறி தேர்வு வாயிற்காவல் அன்று, வழிகாட்டி. அது மாணவனைத் தள்ளுவதற்காக நடத்தப்படுவதன்று. பாடத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் நடத்தி, ஆசிரியர் தம் கற்பித்தலையே அளந்துகொள்வதற்கானது. அதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை. நம் சங்கத்தின் மாலைப் பாடசாலையில் ஒரு கரும்பலகையும் இருபது மணித்துளிகளும் போதும். எடுத்துக்காட்டாகச் சில வினாக்கள் கூறுகிறேன்.

செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்கிறது, இரவில் மட்டும் சுவாசிக்கிறது என்பது சரியா? பெரும்பாலோர் சரியென்பர். தவறு. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. உயிருள்ள ஒவ்வொரு செல்லுக்கும் எந்நேரமும் ஆற்றல் வேண்டும்.

பூச்சிமருந்து அடித்து அடித்துப் பூச்சிகளுக்குப் பழகிவிட்டதா? நம் உழவர் அவ்வாறுதான் கூறுவர். உண்மை வேறு. மருந்தைத் தாங்கும் தன்மை சில பூச்சிகளுக்கு முன்பே அமைந்திருந்தது, மற்றவை மடிந்தன, இவை பெருகின. பரிணாமம் என்ற பெருங்கருத்து நம் கழனி வரப்பிலேயே நிற்கிறது.

கண்ணில் உள்ள செல்லும் கல்லீரலில் உள்ள செல்லும் வெவ்வேறு மரபுச் செய்தியைக் கொண்டவையா? அல்ல. செய்தி ஒன்றே; எந்தப் பக்கம் படிக்கப்படுகிறது என்பதே வேறு.

மேல்சாதி இரத்தம், கீழ்சாதி இரத்தம் என ஒன்று உண்டா? லாண்டுசுடைனர் 1901-இல் இரத்த வகைகளை வெளியிட்டார். அவ்வகைகள் எல்லாச் சாதியிலும் உள்ளன. உயிருக்குப் போராடும் ஒருவனுக்குத் தன் உடன்பிறந்தான் இரத்தம் சேராமற் போகலாம். சேரியில் பிறந்தான் இரத்தம் சேரலாம். இக்கருத்தை உணர்ந்து கற்ற பிள்ளை, தேர்வில் மட்டுமன்று, தெருவிலும் தலைநிமிர்ந்து நடப்பான். உயிரியலைக் கருத்தூன்றிக் கற்பதில் நமக்கு மற்றவரைவிட ஒருபடி மேலான அக்கறை உண்டென்று நான் கருதுவது இதனால்தான்.

முடிவுரை

காற்றுக்கு எடை உண்டா என்று கேட்ட அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. அவள் மேல்நிலைத் தேர்வில் நன்றாகவே தேறினாள். இரண்டு திங்கள் கழித்து ஒருநாள் விடியற்காலையில், நெடுஞ்சாலை ஓரத்தில் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சீருடையுடன் நின்றிருக்கக் கண்டேன். தந்தை உடல் நலமின்றிப் படுத்துவிட்டதாகக் கூறினாள். ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஓடும் பேருந்துகளில் ஒவ்வொரு நாளும் செல்லும் நம் பிள்ளைகளில், இப்படி வினாக் கேட்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பர்? உழைப்பு இழிவன்று, அக்கூலி பல வீடுகளில் அடுப்பெரியச் செய்கிறது. ஆனால் படிக்க விரும்பியவர் படிக்க இயலாமல் அங்கு நிற்பதைக் காணும்போது என் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, மாலைப் பாடசாலையில் திங்கள்தோறும் ஒரு கருத்தறி தேர்வு. மதிப்பெண் பட்டியல் இல்லாமல், தோல்வி என்ற சொல் இல்லாமல். மற்றொன்று, மேல்நிலை முடித்ததும் குடும்பச் சுமையால் நின்றுவிடும் பிள்ளைகளுக்கு முதலாண்டுக் கல்லூரிச் செலவை ஏற்கும் வெள்ளி விழா நிதி. முதல் நன்கொடையாக என் ஒரு மாத ஊதியத்தை இம்மலர் வெளியாகும் நாளில் செலுத்துகிறேன். அதில் முதற்பயனைப் பெறுமாறு அந்தப் பெண்ணையே அழைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அன்று மணி அடித்துவிட்டபடியால் அவள் வினாவுக்கு நான் முழுமையாக விடை கூறவில்லை. இங்கே கூறிவிடுகிறேன். உண்டு அம்மா, காற்றுக்கு எடை உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றிலிருந்துதான் அந்த வேப்பமரம் தன்னைக் கட்டிக்கொண்டது.

வளர்க நம் கல்விச் சங்கம்! ஓங்குக அதன் நற்பணி!